குட்டி ஜப்பானும் அராடா இசுமியும்

சிவகாசிக்கு "குட்டி ஜப்பான்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரு வைத்த பெயர் அது என்று விருதுநகர் மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். மழை குறைந்த கரிசல் பூமி, விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத ஊர். அங்கே வீட்டுக்கு வீடு தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று எல்லோரும் ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து அப்படிச் சொன்னாராம். சுறுசுறுப்புக்காகக் கொடுத்த பெயர், அவ்வளவுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் சிவகாசிக்கும் ஜப்பானுக்கும் உண்மையாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பு கல்கத்தா வழியாக வந்தது. அதற்குச் சுமார் எண்பது வருடம் கழித்து, அதே கல்கத்தாவில் இன்னொரு ஜப்பான்காரர் வந்து இறங்கினார். அவர் கொண்டுவந்தது தீக்குச்சி செய்யும் தொழில் அல்ல, கால்பந்து. அவர் பெயர் அராடா இசுமி. ஜப்பானில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, இந்திய அணிக்கு ஆடி, கடைசியில் இந்தியப் பையன்களுக்குப் பயிற்சியாளராக ஆனவர்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகப் புரியும். முதலில் தீப்பெட்டிக் கதையைப் பார்ப்போம்.

கல்கத்தாவுக்குப் போன இருவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. ஜப்பான் தீப்பெட்டிகளின் லேபிளில் நம் ஊர் சாமிப் படங்கள்கூட அச்சாகி வரும். இந்தியச் சந்தைக்காக ஜப்பானில் அச்சடித்தவை அவை! முதல் உலகப்போர் சமயத்தில் ஸ்வீடன் சரக்கு வருவது தடைபட, ஜப்பான் சரக்குக்கு இன்னும் கிராக்கி கூடியது.

1910 வாக்கில் சில ஜப்பானியக் குடும்பங்கள் கல்கத்தாவில் குடியேறி, சிறிய இயந்திரங்களையும் கைகளையும் வைத்தே தீப்பெட்டி செய்யத் தொடங்கின. பக்கத்தில் இருந்த வங்காளிகள் அவர்களிடமிருந்து தொழிலைப் பழகிக்கொண்டார்கள். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் பூர்ண சந்திர ராய்.

1922ல் இறக்குமதி தீப்பெட்டிக்கு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி விதிக்கப்பட்டது. உள்ளூரில் செய்தால் லாபம் என்ற நிலை வந்தது. அந்த நேரத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். பூர்ண சந்திர ராயிடம் சில மாதங்கள் தங்கித் தொழில் கற்றுக்கொண்டு, 1923ல் ஊர் திரும்பினார்கள். முதலில் ஜெர்மன் இயந்திரங்களை வைத்து முயன்று பார்த்தார்கள். பிறகு கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். அதன் பிறகு நடந்தது ஊரறிந்த வரலாறு. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு வந்தது. லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத் தொழில் வளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜப்பானியர் வங்காளிக்குச் சொல்லிக்கொடுத்தார், வங்காளி சிவகாசிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார். தீப்பெட்டியை இறக்குமதி செய்தவரை தொழில் வரவில்லை. தொழில் தெரிந்த மனிதர்கள் வந்து, தங்கி, பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தபோதுதான் வந்தது.

அதே 1923, டோக்கியோவில்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊர் திரும்பிய அதே 1923ல், ஜப்பானில் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ஜப்பானியருக்குக் கால்பந்து சரியாக ஆடத் தெரியாது. பந்தை ஓங்கி உதைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவதுதான் ஆட்டம் என்றிருந்த காலம். அப்போது டோக்கியோவில் தொழில்நுட்பம் படிக்க வந்திருந்தார் சா டின் என்ற பர்மிய மாணவர். அவர் வசேடா உயர்நிலைப்பள்ளி அணிக்கு, குறுகிய பாஸ்களாகப் பந்தைக் கைமாற்றி ஆடும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அந்த அணி 1923ல் நாட்டளவிலான பள்ளிப் போட்டியை வென்றது. கால்பந்து ஆடுவது எப்படி என்று ஒரு புத்தகமும் அதே ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். செப்டம்பரில் வந்த பெரும் பூகம்பத்தில் டோக்கியோ தரைமட்டமானது. கல்லூரி மூடிக் கிடக்க, சா டின் ஊர் ஊராகப் போய் ஜப்பானியப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார்.

பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆக, ஜப்பானியர்களுக்குப் பாஸ் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் நம் பக்கத்திலிருந்து போன ஒரு மாணவர்! ஜப்பான் இதை மறக்கவில்லை. 2007ல் தங்கள் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் சா டின் பெயரைச் சேர்த்தார்கள்.

முந்திய இந்தியா, முந்திவிட்ட ஜப்பான்

அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்தியாதான் மேலே இருந்தது. 1951 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டாவது தங்கம். அந்த 1962 போட்டியின் முதல் சுற்றில் இந்தியா ஜப்பானை 2-0 என்று தோற்கடித்தது. 1970 பாங்காக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் ஜப்பானை 1-0 என்று வென்றது. ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கம் அதுதான்.

ஜப்பான் என்ன செய்தது? 1960ல் ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை அழைத்து வந்தது. அவர் தேசிய அணியோடு நிற்காமல், பயிற்சியாளர்களை உருவாக்குங்கள், நாடு முழுக்க ஒரு லீக் நடத்துங்கள் என்று வற்புறுத்தினார். 1965ல் ஜப்பானின் தேசிய லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு வெண்கலம். 1993ல் 10 கிளப்புகளோடு ஜே-லீக் என்ற தொழில்முறைப் போட்டி தொடங்கியது. 1998ல் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. அதிலிருந்து ஒரு உலகக் கோப்பையைக்கூட அது தவறவிடவில்லை.

கற்றுக்கொண்டவர்கள் பிறகு கற்பிக்கக் கிளம்பினார்கள். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானின் பயிற்சியாளராக இருந்த அகிரா நிஷினோ 2019ல் தாய்லாந்து அணிக்குப் போனார். ஜப்பானின் நட்சத்திர வீரர் கெய்சுகே ஹோண்டா, தான் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே 2018 முதல் கம்போடியா அணியைக் கவனித்துக்கொண்டார். இவர்கள் பெரிய பெயர்கள். இசுமி அவ்வளவு பிரபலம் இல்லை. ஆனால் இவர்கள் யாரும் கொடுக்காத விலையை அவர் கொடுத்தார்.

ஷிமோனோசெகி பையன்

அராடா இசுமி 1982 ஜூலை 31ல் ஜப்பானின் யமகுச்சி மாகாணத்தில் உள்ள ஷிமோனோசெகியில் பிறந்தார். வரலாற்றுப் பாடத்தில் 1895 ஷிமோனோசெகி உடன்படிக்கை என்று படிப்போமே, சீனா-ஜப்பான் போருக்குப் பிறகு கையெழுத்தானது, அந்த ஊர்தான். இசுமியின் அம்மா ஜப்பானியர். அப்பா இந்தியர், குஜராத்தி.

அவர் ஆடியது நடுக்களத்தில். ஜே-லீக்கில் பெரிய நட்சத்திரமாகும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானில் கீழ்மட்டப் போட்டிகளில் ஆடிவிட்டு, 2005ல் சிங்கப்பூர் போனார். அங்கே அல்பிரெக்ஸ் நீகாடா என்ற ஜப்பான் கிளப்புக்கு அப்போது ஒரு கிளை அணி இருந்தது. சொந்த நாட்டில் இடம் கிடைக்காத இளம் ஜப்பானிய வீரர்கள் வெளிநாட்டு அனுபவம் பெற அது ஒரு வழியாக இருந்தது.

அடுத்த வருடம், 2006ல், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு வந்தார். அந்தப் பருவம்தான் பழைய தேசியக் கால்பந்து லீகின் கடைசிப் பருவம். 2007ல் அது ஐ-லீக் என்று மாறியது. இசுமி மும்பைக்குப் போய் மகிந்திரா யுனைடெட் அணியில் சேர்ந்தார். 2009ல் புனே எஃப்.சி. அங்கே பல ஆண்டுகள் நிலைத்தார். 2012-13 பருவத்தில் ஐ-லீகில் புனே இரண்டாம் இடம் பிடித்தது. அந்த அணியின் நடுக்களத்தில் இசுமி ஒரு தூண்.

இசுமியின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது அவருடைய ஓட்டம். பந்து காலில் இல்லாத நேரத்திலும் காலி இடம் தேடி ஓடிக்கொண்டே இருப்பார். பந்து வந்தால் ஒன்றிரண்டு தொடுதலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும் ஆட்டம் அல்ல. ஆனால் பதினோரு பேரையும் ஒரு அணியாகக் கட்டிவைப்பது அந்த ஆட்டம்தான்.

பாஸ்போர்ட்

2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு விதி போட்டது. இந்தியப் பாஸ்போர்ட் இருப்பவர்கள்தான் இந்திய அணிகளில் ஆடலாம். வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இடமில்லை. பல நாடுகளில் தாத்தா பாட்டி ஊர் என்று சொன்னாலே இன்னொரு பாஸ்போர்ட் கிடைத்துவிடும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஜப்பான் சட்டமும் அப்படித்தான். விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் ஜப்பான் குடியுரிமை போய்விடும்.

ஆகவே அப்பாவின் நாட்டுக்கு ஆட வேண்டும் என்றால், பிறந்த நாட்டை, அம்மாவின் நாட்டை, சட்டப்படி விட வேண்டும். நடுவில் வழி எதுவும் இல்லை.

ஜப்பான் பாஸ்போர்ட் என்பது உலகில் மிக அதிகமான நாடுகளுக்கு விசா இல்லாமல் போக உதவும் பாஸ்போர்ட்டுகளில் ஒன்று. அதற்காக ஏங்குகிறவர்கள் எத்தனையோ பேர். இசுமி அதை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை வாங்கினார். இந்திய வம்சாவளியில் பிறந்த இங்கிலாந்து வீரர் மைக்கேல் சோப்ராவும் இந்தியாவுக்கு ஆட விரும்பியதாகச் செய்திகள் வந்தன. அது நடக்கவில்லை.

2013 பிப்ரவரி 6, கொச்சி. பாலஸ்தீன அணிக்கு எதிரான நட்பு ஆட்டம். பயிற்சியாளர் விம் கூவர்மன்ஸ். இசுமி இந்தியச் சட்டை அணிந்து களமிறங்கினார். வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய முதல் வீரர் அவர். அன்று இந்தியா 2-4 என்று தோற்றது. அப்போது இசுமிக்கு வயது 30. கால்பந்து வீரருக்கு அது இளம் வயது இல்லை. மொத்தத்தில் இந்தியாவுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் பத்தைக்கூடத் தொடவில்லை.

இதற்காகவா பாஸ்போர்ட்டை விட்டார் என்று கேட்கத் தோன்றும். ஆட்டங்களை எண்ணிப் பார்த்தால் நஷ்டக் கணக்குதான். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை.

காணாமல் போன கிளப்புகள்

2015ல் இசுமி மறுபடி கொல்கத்தாவுக்கு வந்தார். இந்த முறை ஐ.எஸ்.எல் போட்டியில் அட்லெட்டிகோ டி கொல்கத்தா அணிக்கு. வயது 33. ஆனாலும் அந்தப் பருவத்தில் முக்கியமான கோல்களை அடித்தார். தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அந்தப் பருவம் நன்றாக ஞாபகம் இருக்கும். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிப்போனதால் சென்னையின் எஃப்.சி தன் அரையிறுதி ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. எதிரணி கொல்கத்தாதான். முதல் ஆட்டத்தில் சென்னை 3-0 என்று வென்றது. பிறகு கோவாவை வீழ்த்திக் கோப்பையையும் கைப்பற்றியது.

2016ல் எஃப்.சி புனே சிட்டி. 2017-18ல் கேரளா பிளாஸ்டர்ஸ். அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிவை நெருங்கியது.

அவர் ஆடிய இந்தியக் கிளப்புகளின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். மகிந்திரா யுனைடெட் 2005-06ல் தேசிய லீகை வென்ற அணி. 2010ல் மூடிவிட்டார்கள். புனே எஃப்.சி 2015ல் முடிந்தது. எஃப்.சி புனே சிட்டி 2019ல் கலைந்தது. ஒரு மனிதர் ஆடிய அணிகளில் மூன்று இன்று இல்லை! நஷ்டம் என்று முதலாளி கைவிட்டால் அணி போய்விடுகிறது. அணியோடு அதன் பயிற்சி முறை, ரசிகர்கள், கீழே வளர்ந்துகொண்டிருந்த பையன்கள் எல்லாம் சிதறிப்போகிறார்கள்.

இன்னொரு ஜப்பானியர் கட்சுமி யுசா. மோகன் பகான் 2014-15ல் ஐ-லீகை வென்றபோது அந்த அணியின் முக்கிய வீரர். 2019-20ல் சென்னை சிட்டி எஃப்.சிக்காகக் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடினார். அதற்கு முந்தைய பருவத்தில் ஐ-லீக் பட்டம் வென்ற அந்த அணியும் பிறகு காட்சியிலிருந்து மறைந்துவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், ஆடுகிறார்கள், போகிறார்கள். தீப்பெட்டியை இறக்குமதி செய்த கதைதான்.

சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர்

இசுமி போகவில்லை. ஆட்டத்தை முடித்துக்கொண்ட பிறகும் இந்தியாவிலேயே பயிற்சியாளராக இருந்துவிட்டார். நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் என்ற கால்பந்துப் பயிற்சிப்பள்ளி 2015ல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதிலுமிருந்து சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, முழு உதவித்தொகையில் தங்கவைத்து, படிப்பும் கால்பந்தும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இசுமி அங்கே பயிற்சியாளரானார்.

2022ல் கோவாவில் முதல் முறையாக இளையோருக்கான வளர்ச்சி லீக் நடந்தது. எட்டு அணிகள். ஏழு அணிகள் ஐ.எஸ்.எல் கிளப்புகளின் இளையோர் அணிகள். எட்டாவது, இசுமி பயிற்சி கொடுத்த இந்தப் பள்ளி அணி. அங்கே வளர்ந்த பையன்கள் பலர் இப்போது ஐ.எஸ்.எல் கிளப்புகளில் ஒப்பந்தமாகியிருக்கிறார்கள்.

பயிற்சியாளர் வேலையில் புகழ் குறைவு. பையன் கோல் அடித்தால் பையன் பெயர் பேப்பரில் வரும். பன்னிரண்டு வயதில் பந்தை எப்படி நிறுத்த வேண்டும், பந்து வரும் முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார் என்று எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் முறை சொன்னவரை யாரும் கேட்கமாட்டார்கள். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் சொல்லிக்கொடுத்த அந்த ஜப்பானியக் குடும்பங்களின் பெயர் சிவகாசியில் யாருக்குத் தெரியும்? ஆனால் ஊரே அந்தத் தொழிலில் எழுந்து நின்றது.

2025ல் ஆஸ்திரேலியாவின் ரையன் வில்லியம்ஸ் தன் குடியுரிமையை விட்டு இந்தியரானார். அவருடைய அம்மா மும்பையில் பிறந்தவர். இசுமிக்குப் பிறகு இப்படிச் செய்த அடுத்த கால்பந்து வீரர் அவர்தான். இடையில் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. வெளிநாட்டு வம்சாவளி வீரர்களைக் கொண்டுவந்தால் இந்தியா உலகக் கோப்பைக்குப் போய்விடும் என்று பேசுகிறவர்கள் இந்த இடைவெளியை யோசிக்க வேண்டும். அப்படி ஒருவர் இருவர் வரலாம். அணி முழுக்க வரமாட்டார்கள்.

பன்னிரண்டு வயது

கால்பந்தில் பன்னிரண்டு வயது முக்கியமானது. அந்த வயதுக்கு முன்னால் பந்து காலுக்குப் பழகியிருக்க வேண்டும். பயிற்சிப்பள்ளிகள் தேர்வு செய்வதும் ஏறத்தாழ அந்த வயதில்தான்.

சிவகாசிப் பக்கம் பல தலைமுறைக்கு அந்த வயது எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். பெட்டி ஒட்டவும் கட்டை அடுக்கவும் போனது. 1986ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 10ல் வந்த தீர்ப்பு, அபாயமான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. இன்று அந்த வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். சாயங்காலம் விளையாட நேரம் இருக்கிறது.

நேரம் வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். விருதுநகரிலோ சாத்தூரிலோ திருவில்லிபுத்தூரிலோ ஒரு பையனுக்குக் காலில் திறமை இருந்தால் அவனுக்குப் பாஸ் கொடுக்கச் சொல்லிக்கொடுப்பது யார்? அவனுக்கு ஒரு இசுமி கிடைக்க நவி மும்பைக்குத்தான் போக வேண்டும் என்றால், ஆயிரத்தில் ஒருவன்தான் போவான்.

1922ல் சிவகாசி தன் வீட்டு வாசலில் ஜப்பான்காரர் வந்து நிற்பார் என்று காத்திருக்கவில்லை. இரண்டு பேரை ரயிலேற்றி அனுப்பியது. அவர்கள் கற்றுக்கொண்டு திரும்பி வந்து ஊருக்கே சொல்லிக்கொடுத்தார்கள். கால்பந்துக்கும் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. இசுமி போன்றவர்களிடம் பயிற்சி முறையைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வருகிற இரண்டு பி.டி. வாத்தியார்கள் போதும். பட்டப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது, குட்டி ஜப்பான்!